வெளிச்சத்தைப் பங்கு போடும் லென்ஸ்

கண்புரை ஆபரேஷன் என்று முடிவானதும், பெரும்பாலான தனியார் கண் மருத்துவமனைகளில் நோயாளியையும் கூட வந்த மகனையோ மகளையோ டாக்டரின் அறையிலிருந்து கவுன்சலரின் மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு விலை அட்டையை நீட்டுவார்கள். அடிவரிசையில் சாதாரண மோனோஃபோகல் லென்ஸ், அதற்கு மேலே இறக்குமதி மோனோஃபோகல், அதற்கும் மேலே சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் டோரிக், உச்சியில் மல்டிஃபோகலும் ட்ரைஃபோகலும். ஒரு கண்ணுக்குச் சில ஆயிரத்தில் தொடங்கும் பட்டியல் ஒரு லட்சத்தையும் தாண்டிப் போகும். அப்பாவுக்கு மட்டமானதை வைத்துவிட்டோம் என்று ஆகிவிடக் கூடாதே என்ற சங்கடத்தில் பிள்ளைகள் கடனை உடனை வாங்கியாவது மேல்வரிசைக்கு விரலை நகர்த்துகிறார்கள். அந்த அட்டையின் அமைப்பே தவறு என்பதுதான் இங்கே என் வாதம். விலையில் மேலே இருப்பது பார்வையிலும் மேலே இருப்பதாக அது காட்டுகிறது. மல்டிஃபோகல் லென்ஸ் கண்ணாடி இல்லாமல் படிக்கும் வசதியைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு ஈடாக ரூபாயை மட்டுமல்ல, பார்வைத் தெளிவிலும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. இந்தப் பண்டமாற்று சிலருக்கு நல்ல லாபம், சிலருக்குத் தீராத எரிச்சல். யாருக்கு எது என்று கண்டுபிடிக்க அட்டையில் இடமே இல்லை.

நாற்பது வயதுக்கு மேல் செய்தித்தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்க ஆரம்பிக்கிறோமே, அந்த வெள்ளெழுத்து கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் விறைத்துப் போவதால் வருவது. இளவயதில் அந்த லென்ஸ் தேவைக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் தூரத்தையும் கிட்டத்தையும் மாறி மாறிக் குவிக்கும். அறுபதை நெருங்கும்போது அந்தத் திறன் ஏறக்குறைய பூஜ்யம். அதன் பிறகு அதே லென்ஸ் பழுத்து மங்குவதுதான் கண்புரை. ஆபரேஷனில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். இதை முதலில் செய்தவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஹெரால்ட் ரிட்லி, 1949 நவம்பரில். போரில் காயம்பட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் தங்கியிருந்தும் கண் அவற்றோடு சண்டை போடாமல் இருந்ததை அவர் கவனித்திருந்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்தார். ஆனால் பவர் கணக்குப் பிசகி, முதல் நோயாளி தூரம் தெரியாத, கடுமையான மைனஸ் பவர்காரராக வெளியே வந்தார். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எழுபத்தைந்து ஆண்டு கழித்தும், லென்ஸ் எந்த ரகம் என்பதைவிடப் பவர் சரியாக அமைந்ததா என்பதே நோயாளியின் பார்வையை அதிகம் தீர்மானிக்கிறது.

நம் நாட்டில் இந்த லென்ஸ் பணக்காரர்களின் பொருளாகவே நின்றுவிடாமல் போனதற்கு மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடத்தை நிறுவியது. அப்போது இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. ஆரோலேப் அதைப் பத்து டாலருக்குக் கொண்டுவந்தது, பின்னர் இன்னும் குறைத்தது. அதுவரை ஏழைகளுக்குப் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய முகாம்கள் லென்ஸ் வைத்து அனுப்பத் தொடங்கின. விலை அட்டையின் அடிவரிசையில் இன்று கிடக்கும் மோனோஃபோகல் அந்தப் பரம்பரைதான். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம் என்று தெரிந்தது. அத்தனை பேருக்கும் பார்வையைத் திருப்பித் தரக்கூடியது அந்த அடிவரிசை லென்ஸ். அதை மட்டமானது என்று நினைக்க வைப்பது விலைதான். தூரத்துக்குக் குறிவைத்த மோனோஃபோகல் லென்ஸ், சிலிண்டர் பவர் இல்லாத, நல்ல விழித்திரை உள்ள கண்ணுக்குத் தரும் தூரப்பார்வையின் கூர்மையை வேறு எந்த ரகமும் மிஞ்சியதாக ஆதாரம் இல்லை. அதன் குறை ஒன்றுதான்: ஒரு தூரத்துக்கு மட்டுமே அது குவியும். மீதிக்குக் கண்ணாடி.

மல்டிஃபோகல் இந்தக் குறையைத் தீர்க்கும் விதத்தைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். லென்ஸின் பார்வைப் பகுதி சுமார் ஆறு மில்லிமீட்டர் அகலம். அதன் முகத்தில், பழைய கிராமபோன் இசைத்தட்டின் வரிகளைப் போல, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டப் படிகள் செதுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியின் உயரமும் மைக்ரான் கணக்கில். இந்தப் படிகளில் பட்டு விலகும் ஒளி இரண்டு குவியங்களாகப் பிரிகிறது. பழைய இருகுவிய டிஃப்ராக்டிவ் லென்ஸ் ஒன்றில் நுழையும் ஒளியில் ஏறத்தாழ 41 சதவீதம் தூரக் குவியத்துக்கும், அதே அளவு கிட்டக் குவியத்துக்கும் போகிறது. மிச்சம் 18 சதவீதம் எந்தக் குவியத்துக்கும் உதவாமல் சிதறிப் போகிறது. இயற்கை லென்ஸ் தேவைப்படும்போது ஆள் மாற்றி ஆள் கவனிக்கும். இந்த லென்ஸ் அப்படி மாறுவதில்லை. தூரமும் கிட்டமும் எப்போதும் சேர்ந்தே விழித்திரையில் விழுகின்றன. தூரத்தைப் பார்க்கும்போது கிட்டக் குவியத்தின் மங்கல் பிம்பம் அதன்மேல் படர்ந்திருக்கும். மூளை அதைக் கழித்துவிட்டுப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது இந்தப் படர்ந்த பிம்பத்தால்தான். அது கோளாறு அல்ல, வடிவமைப்பின் உடன்பிறப்பு.

வளையத்தைவிட அதிகம் பேசப்படாத இழப்பு, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான நுண்ணிய வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன். கண் பரிசோதனை அறையில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. அதில் கடைசி வரி வரை வாசித்துவிடலாம். வாழ்க்கை அப்படி அச்சடிக்கப்பட்டதல்ல. மாலை மங்கலில் சிமென்ட் படியின் விளிம்பு, மழை இரவில் சாலையில் கிடக்கும் மேடு, கருவறையின் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கறுத்த சிலையின் முகம் இவற்றில்தான் அந்தத் திறன் சோதனைக்கு வரும். தெளிவான ஒளியில் மல்டிஃபோகல்காரர் எதையும் இழந்ததாக உணராமல் போகலாம். ஒளி குறையக் குறைய, பங்கு போட்ட கணக்கு தெரிய ஆரம்பிக்கும். பளிச்சென்ற விளக்கின் கீழே தெளிவாகத் தெரிகிற மாத்திரை அட்டையின் காலாவதி தேதி, படுக்கையறையின் மங்கிய பல்பில் மறுபடியும் மறைந்துகொள்வதும் இதே காரணத்தால்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? காக்ரேன் அமைப்பு 2016-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 20 சோதனைகளை, 2,230 பேரை உள்ளடக்கியது. மல்டிஃபோகல் வைத்தவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அதேசமயம் ஒளிவளையம் தெரியும் வாய்ப்பு மூன்றரை மடங்காகவும், கண்கூச்சம் 1.4 மடங்காகவும் உயர்ந்தது. நன்மை தொல்லையை விஞ்சுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும், கண்ணாடியை விட்டொழிக்க வேண்டும் என்ற வேட்கை எவ்வளவு என்பதே தீர்மானிக்கும் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். என் பார்வையில் இதைவிடப் பொருள் பொதிந்தது 2013-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனை. 212 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இரு கண்ணிலும் மல்டிஃபோகல். மறுபாதிக்கு மோனோவிஷன், அதாவது சாதாரண லென்ஸையே ஒரு கண்ணுக்குத் தூரத்துக்கும் மறு கண்ணுக்குச் சற்றே கிட்டத்துக்கும் குறிவைத்து வைப்பது. கண்ணாடியே தேவைப்படாதவர்கள் மல்டிஃபோகல் பக்கம் 71 சதவீதம், மோனோவிஷன் பக்கம் 26 சதவீதம். விற்பனைப் பிரதிநிதி இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். நிறுத்தாமல் அடுத்த வரியையும் படித்தால், முதல் ஆண்டிலேயே மல்டிஃபோகல் வைத்தவர்களில் ஆறு பேர், ஏறத்தாழ 6 சதவீதம், தாங்க முடியாமல் லென்ஸை மாற்றிக்கொண்டார்கள். மோனோவிஷன் பக்கம் ஒருவர்கூட இல்லை.

இந்த இரண்டு எண்களும் ஒரே ஆய்வில் இருப்பதுதான் முக்கியம். மல்டிஃபோகல் ஏமாற்று வேலை என்று சொல்ல முதல் எண் இடம் தராது. பத்தில் ஏழு பேர் படிப்புக் கண்ணாடியை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவது சாதாரண வெற்றி அல்ல. அது வெறும் மேம்பாடு என்று சொல்ல இரண்டாவது எண் இடம் தராது. கண்ணுக்குள் பொருந்திவிட்ட லென்ஸை வெட்டி எடுத்து வேறொன்று வைப்பது முதல் ஆபரேஷனைவிடச் சிக்கலானது. அதற்கு ஒருவர் சம்மதிக்கிறார் என்றால் அவர் பட்ட பாடு கொஞ்சமாக இருந்திருக்காது. சராசரி திருப்தியை மட்டும் அளந்தால் அந்த ஆறு பேர் எண்ணிக்கையில் கரைந்து போவார்கள். லென்ஸ் வைத்துக்கொள்பவர் சராசரி ஆள் அல்ல, ஒரு ஆள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: நீங்கள் சொல்வது பழைய தலைமுறை லென்ஸ், இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டது. பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் முதல் மல்டிஃபோகலான அர்ரே 1997-ல் அனுமதி பெற்றது. ஃபைன்விஷன் என்ற மூன்று குவிய லென்ஸ் 2010-ல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. பேன்ஆப்டிக்ஸ் 2019-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. மூன்றாவது குவியம் சேர்ந்ததால் கணினித் திரை, தையல் மெஷின், அடுப்பு போன்ற கை நீளத் தூரங்களும் தெளிவாயின. சிதறும் ஒளியும் குறைந்தது. அமெரிக்க அனுமதியோடு 2016-ல் சிம்ஃபனி, 2020-ல் விவிட்டி என ஈடாஃப் என்ற இன்னொரு வகை வந்தது. ஒளியைத் தனித்தனிக் குவியங்களாக வெட்டாமல் ஒரே குவியத்தை நீட்டித் தருவது அதன் உத்தி. வளையத் தொல்லை, குறிப்பாக விவிட்டியில், மோனோஃபோகலுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் கவனியுங்கள்: தொல்லை குறைந்த இந்த வகையில் கிட்டப்பார்வையின் பலமும் குறைந்துவிடுகிறது. பொடி எழுத்துக்குப் பலருக்குக் கண்ணாடி திரும்ப வேண்டியிருக்கிறது. கிட்டத்தை முழுதாகத் தரும் ட்ரைஃபோகலில் வளையம் இன்னும் இருக்கிறது. கால் நூற்றாண்டு முன்னேற்றம் பேரத்தின் விகிதத்தை மாற்றியிருக்கிறது, பேரத்தை ஒழிக்கவில்லை. கண்ணுக்குள் நுழையும் ஒளியின் அளவு கூடாதவரை ஒழிக்கவும் முடியாது. இயற்கை லென்ஸைப்போல் தானே அசைந்து குவியம் மாற்றும் லென்ஸ்தான் உண்மையான தீர்வு. அதை வாக்களித்த கிரிஸ்டலென்ஸ் 2003-ல் அனுமதி பெற்றும், எதிர்பார்த்த கிட்டப்பார்வையைத் தரவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. கண்ணாடி என்பது வெறும் அலங்காரப் பிரச்சினை அல்ல என்பார்கள். முதியவர்கள் அணியும் இருகுவிய, புரோகிரசிவ் கண்ணாடிகளைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு, அவற்றை அணிபவர்கள் தடுக்கி விழும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் என்று கண்டது. படி இறங்கும்போது கீழே பார்க்கிற கண்ணுக்கு எதிரே வருவது கண்ணாடியின் படிப்புப் பகுதி. படி மங்கிவிடும். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிவது சின்ன விஷயம் இல்லை. கிட்டப்பார்வை பிழைப்போடு சம்பந்தப்பட்டது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அஸ்ஸாமில் 40 வயது கடந்த 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ப்ராஸ்பர் சோதனையில், கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, கிடைக்காதவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. பூக்கட்டுபவருக்கும் நெசவாளிக்கும் பற்றவைப்பவருக்கும் கிட்டப்பார்வை கைத்தொழிலின் பாதி. இதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆய்வு குற்றம் சாட்டுவது நடக்கும்போதும் மாட்டியிருக்கும் இருகுவியக் கண்ணாடியை. தூரத்துக்குக் குறிவைத்த மோனோஃபோகல் வைத்தவர் கண்ணாடி இல்லாமலே நடப்பார், உட்கார்ந்து படிக்கும்போது மட்டும் தனிக் கண்ணாடியை எடுத்து மாட்டுவார். அவருக்கு அந்த அபாயம் பொருந்தாது. அஸ்ஸாம் தோட்டத்தில் விளைச்சலைக் கூட்டியதும் மலிவான கண்ணாடிதான். கிட்டப்பார்வை அவசியம் என்பதிலிருந்து அதை லென்ஸுக்குள்தான் பொதிய வேண்டும் என்று தானாக வந்துவிடாது.

மூன்றாவதாக ஒரு வாதம், அதிகம் நாவில் புழங்குவது: காசு அவர்களுடையது, கண் அவர்களுடையது, தேர்ந்தெடுக்க விடுங்கள். இரண்டு நாடுகள் இதை எதிரெதிராகக் கையாண்டிருக்கின்றன. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2005 மே மாதத்தில் ஒரு விதி வகுத்தது. சாதாரண லென்ஸ் ஆபரேஷனுக்கான தொகையை மெடிகேர் தரும், கிட்டப்பார்வையையும் தரும் லென்ஸ் வேண்டுமென்றால் வித்தியாசத் தொகையை நோயாளி கையிலிருந்து போட்டுக்கொள்ளலாம். பிரீமியம் லென்ஸ் என்ற பெரும் வணிகம் அந்த வாசல் வழியாகத்தான் வளர்ந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட நெறிமுறையோ, கண்புரை ஆபரேஷனுக்கு மல்டிஃபோகல் லென்ஸை வழங்க வேண்டாம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டது. எனக்கு இரண்டுமே முழுச் சம்மதம் இல்லை. பொதுப்பணத்தில் செய்யக் கூடாது என்பது புரிகிறது. ஆனால் முப்பதாண்டு மேடையில் நடனம் ஆடிய ஒருவருக்கோ, மூக்கில் எதையும் மாட்டச் சகிக்காத ஒருவருக்கோ அதை மறுப்பதில் நீதி இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையை மதிக்க வேண்டுமென்றால் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள்கள் முழுவதும் மேசைக்கு வர வேண்டும். நம் ஊர் அட்டையில் வராமல் போவது எது என்று பார்த்தால், கூடுதல் காசு கேட்க முடியாதவை எல்லாம் வருவதில்லை. மோனோவிஷனுக்குத் தேவை அதே சாதாரண லென்ஸும் டாக்டரின் அரைமணி நேரப் பேச்சும்தான். அதற்கென்று ஒரு வரிசை எழுதி விலை போட முடியாது.

இன்னொரு சாத்தியமும் அட்டையில் இருக்காது. வாழ்நாளெல்லாம் மைனஸ் மூன்று பவரோடு இருந்தவர், படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்துப் பழகியவர். அவருக்கு எல்லோருக்கும் செய்கிற மாதிரி தூரத்துக்குக் குறிவைத்தால், நாற்பது ஆண்டுகளாக இலவசமாக இருந்த கிட்டப்பார்வையை ஒரே நாளில் இழந்துவிடுவார். சாதாரண மோனோஃபோகலையே கிட்டத்துக்குக் குறிவைத்தால் அவர் கண்ணாடி இல்லாமல் படிப்பார், வெளியே போகும்போது பழையபடி கண்ணாடி மாட்டிக்கொள்வார். இதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது. "உங்களுக்குக் கண்ணாடி இல்லாமல் எதைப் பார்க்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

மல்டிஃபோகல் யாருக்குப் பொருந்தும் என்பதில் கண் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. விழித்திரை சுத்தமாக இருக்க வேண்டும். கண்நீர் அழுத்த நோயால் நரம்பு தேய்ந்திருக்கக் கூடாது. கருவிழி சீராகவும் கண் வறட்சி இல்லாமலும் இருக்க வேண்டும். இரவு முழுக்க லாரியோ பேருந்தோ ஓட்டுகிறவராக இருக்கக் கூடாது. ஏற்கெனவே குறைபட்ட கண்ணில் ஒளியை மேலும் பங்கு போட்டால் எந்தப் பங்கும் போதாமல் போகும். இந்த நிபந்தனைகள் ஆபரேஷன் அன்றைக்கு மட்டும் பொருந்தினால் போதாது என்பதுதான் பலர் தாண்டிப் போகும் இடம். ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அறுபது வயதில் லென்ஸ் வைத்துக்கொள்கிறவர் அதனோடு இருபது, இருபத்தைந்து வருடம் வாழப் போகிறார். இன்று சுத்தமாக இருக்கும் விழித்திரை எண்பதில் சர்க்கரையாலோ மூப்பாலோ தேய்ந்தால், அன்று அவருக்கு வேண்டியது கிடைக்கிற ஒளி முழுவதும். லென்ஸ் அதைத் தர மறுக்கும். இந்தக் காரணத்துக்காகவே, கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவருக்கு விழித்திரை இப்போது நன்றாக இருந்தாலும் மல்டிஃபோகல் வைப்பதற்கு நான் எதிராகவே வாக்களிப்பேன்.

பவர் கணக்கும் இங்கே இரக்கமற்றது. கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் கால் டயாப்டருக்கு மேல் பவர் தவறும். மோனோஃபோகல்காரர் அதைக் கவனிக்கவே மாட்டார், கவனித்தாலும் ஒரு கண்ணாடியில் சரியாகிவிடும். அரை, முக்கால் டயாப்டர் மிச்சமிருந்தால் மல்டிஃபோகலின் இரண்டு குவியங்களும் சேர்ந்து கெட்டுப்போகும். கண்ணாடி வேண்டாம் என்று லட்சம் கொடுத்தவரிடம் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். பிறகு அதிருப்தியோடு திரும்பி வந்தவர்களை ஆராய்ந்த ஆய்வுகளில் அடிக்கடி தென்படும் காரணங்கள் இந்த மிச்சப் பவர், கண் வறட்சி, லென்ஸைத் தாங்கும் பையின் பின்சவ்வு மங்குதல் ஆகியவைதான். பெரும்பாலும் லென்ஸை எடுக்காமலே இவற்றைச் சரிசெய்துவிடலாம். மூளை பழகிக்கொள்ளவும் மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. பின்சவ்வு மங்கினால் யாக் லேசரால் அதில் துளை போட்டுச் சுத்தம் செய்வார்கள். ஐந்து நிமிட வேலை. துளை போட்ட பையிலிருந்து பிற்பாடு லென்ஸை மாற்றுவது பல மடங்கு கடினம். குறை லென்ஸிலா சவ்விலா என்று உறுதிப்படுத்தாமல் முதலில் லேசரைப் போட்டுப் பார்ப்போம் என்று அவசரப்படுவது, திரும்பும் பாதையை அடைத்துவிடும்.

ஆகவே விவாதம் எப்போதும் லென்ஸ் ரகத்திலேயே சுழல்வதைவிட, இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டுமா என்று கேட்பது பயன்படும். பேக்கேஜில் இரண்டு கண்ணும் ஒன்றாக எழுதப்பட்டால் சலுகை கிடைக்கும், அதனால் முன்பணமும் சேர்த்தே கட்டிவிடுகிறார்கள். முதல் கண்ணில் மல்டிஃபோகல் வைத்துச் சில வாரம் கழித்து, இரவில் தெருவில் நடந்து பார்த்து, மங்கிய விளக்கில் படித்துப் பார்த்து, அதன் பிறகு இரண்டாவது கண்ணைத் தீர்மானிக்கலாம். வளையம் பொறுக்க முடியாமல் இருந்தால் அடுத்த கண்ணுக்கு மோனோஃபோகல் வைத்துச் சமன் செய்துகொள்ள வழியிருக்கிறது. இரண்டு கண்ணிலும் ஒரே ரகம் இருந்தால்தான் மூளை எளிதாகப் பழகும் என்று சில மருத்துவர்கள் இதை எதிர்ப்பார்கள். அது சரிதான், முதல் கண் பிடித்திருந்தால். பிடிக்காத லென்ஸை இரண்டாவது கண்ணிலும் வைத்துக்கொண்டு பழகச் சொல்வதற்கு, முன்பணம் கட்டிவிட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. முதல் ஆபரேஷனுக்கும் இரண்டாவதற்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சில வாரங்களுக்கு எந்த மருத்துவமனையும் கட்டணம் வாங்குவதில்லை.